பெயர் தெரியாத எலும்புகளும் டிஎன்ஏ குடும்ப மரமும்: நம் பக்கம் இது நடக்குமா?

கரிசல்காட்டான் எழுதியது:

1957 பிப்ரவரியில் பிலடெல்ஃபியா நகரின் ஃபாக்ஸ் சேஸ் பகுதியில், சாலையோரப் புதருக்குள் ஓர் அட்டைப் பெட்டி கிடந்தது. உள்ளே போர்வை சுற்றிய நாலு வயதுப் பையனின் உடல், அடிபட்ட காயங்களோடு. போலீஸ் லட்சக்கணக்கில் நோட்டீஸ் அடித்தது. வீடுகளுக்குப் போகும் எரிவாயு பில்லோடு சேர்த்துக்கூட அனுப்பினார்கள். என் பிள்ளை என்று சொல்ல ஒருவரும் வரவில்லை.

1998-இல் உடலைத் தோண்டி எடுத்துப் பல்லிலிருந்து தாய்வழி டிஎன்ஏ எடுத்தார்கள். அதை ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை. 2019-இல் மறுபடி தோண்டினார்கள். சிதைந்துபோன டிஎன்ஏவைத் தேடுவதற்கு ஏற்ற நிலைக்குக் கொண்டுவரவே இரண்டரை ஆண்டு பிடித்தது. அதற்குப் பிறகுதான் குடும்ப மரம் போடுகிறவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். மக்கள் தங்கள் டிஎன்ஏவை ஏற்றி வைத்திருக்கும் பொதுத் தளத்தில் தாய்வழிச் சொந்தம் கிடைத்தது, அதைப் பிடித்துத் தாயிடம் போனார்கள். நீதிமன்ற ஆணை வாங்கி அந்தத் தாயின் பிள்ளைகளின் பதிவுகளை எடுத்தபோது, 1953 ஜனவரியில் பிறந்த ஒரு பையனின் சான்றிதழும் அதில் தந்தையின் பெயரும் இருந்தன. 2022 டிசம்பர் 8 அன்று போலீஸ் அறிவித்தது: ஜோசப் ஆகஸ்டஸ் ஸரெல்லி. ‘அமெரிக்காவின் அறியப்படாத குழந்தை’ என்று எழுதியிருந்த கல்லில், அடுத்த மாதம் அவனுடைய 70-ஆவது பிறந்தநாளில் பெயர் ஏறியது. பெற்றோர் இருவரும் அதற்குள் இறந்துவிட்டார்கள். கொன்றது யார் என்று இன்னும் யார்மீதும் வழக்கு இல்லை.

கொலையாளி கிடைக்காவிட்டாலும் இது பெரிய காரியம் என்று உறுதியாக நினைக்கிறேன். செத்தவனுக்குப் பெயர் சொல்லிக் காரியம் செய்ய வேண்டும் என்று நினைக்கிற ஊர் நம் ஊர். ஆனால் ரயில் தண்டவாளத்திலும் ஆற்றிலும் கிடைக்கும் உடல்கள் ‘அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 45’ என்ற ஒரு வரியோடு மண்ணுக்குள் போகின்றன. இந்த முறை நம் பக்கம் வேலை செய்யுமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேப்சுந்தரி எழுதியது:

மரபணு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

போலீஸ் ஆய்வகங்கள் வழக்கமாகப் பார்ப்பது எஸ்டிஆர், அதாவது டிஎன்ஏவில் ஒரு சிறு எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும் இடங்கள். அமெரிக்க தேசியத் தரவுத்தளத்தில் 2017 முதல் 20 இடங்களைப் பார்க்கிறார்கள், அதற்கு முன் 13. இவர் அவரேதானா, இவருடைய அப்பா அவர்தானா என்ற கேள்விக்கு அது போதும். பெரியப்பா பேரனா, கொள்ளுப்பாட்டி வழிச் சொந்தமா என்று கேட்டால் அந்த 20 இடத்தால் சொல்ல முடியாது. அதனால்தான் யாரும் தேடி வராத உடல் அங்கே அப்படியே தங்கிவிடுகிறது.

குடும்ப மரம் போடுகிறவர்கள் எஸ்என்பி பார்க்கிறார்கள், அதாவது ஒரே ஓர் எழுத்து ஆளுக்கு ஆள் மாறும் புள்ளிகள். மரபணுத்தொகுப்பில் லட்சக்கணக்கான புள்ளிகள். இரண்டு பேருக்கு இடையே எவ்வளவு நீளத்துக்கு ஒரே துண்டு இருக்கிறது என்று சென்டிமார்கன் கணக்கில் அளப்பார்கள். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் ஏறக்குறைய 3,400 வரும். அண்ணன் தம்பி பிள்ளைகளுக்குள் சராசரி 870 பக்கம், அவர்கள் பிள்ளைகளுக்குள் 230 பக்கம், அதற்கடுத்த தலைமுறைக்குள் 70 சொச்சம். எலும்பில் கிடைத்த டிஎன்ஏ தரவை ஜெட்மேட்ச், ஃபேமிலிட்ரீ டிஎன்ஏ போன்ற தளங்களில் ஏற்றினால் ஒட்டுகிறவர்களின் பட்டியல் வரும். அவர்களின் பொது முன்னோரைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கீழே இறங்கி, பிறப்பு, திருமணம், இரங்கல் செய்தி என்று ஒவ்வொரு கிளையாகப் பார்த்து, எந்தக் கிளையில் ஒருவர் திடீரென்று பதிவுகளில் இல்லாமல் போகிறார் என்று தேடுவார்கள்.

ஒன்று மறக்கக் கூடாது. இதில் கிடைப்பது துப்பு மட்டுமே. நெருங்கிய உறவினரிடம் மாதிரி வாங்கி நேரடியாக ஒப்பிட்ட பிறகுதான் பெயரை எழுத வேண்டும்.

கரிசல்காட்டான் அண்ணா, அந்த இரண்டரை ஆண்டைச் சொன்னீர்களே, மொத்தக் கஷ்டமும் அங்கேதான். பழைய எலும்பில் இருக்கும் டிஎன்ஏ கரையான் அரித்த ஓலைச்சுவடி மாதிரி. எழுத்து இருக்கும், வரி இருக்காது. துண்டு துண்டாகப் படித்துக் கோக்க வேண்டும். போதாததற்கு, எடுக்கும் டிஎன்ஏவில் பெரும்பகுதி மண்ணில் வாழும் பாக்டீரியாவுடையதாக இருக்கும்.

குருவிக்கூடு எழுதியது:

சுந்தரி அக்கா, நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் எலும்பில் எதாவது மிஞ்சுமா? அப்புறம், வேர் இல்லாத முடியில் ஒன்றும் கிடைக்காது என்று படித்திருக்கிறேன். அது சரியா?

லேப்சுந்தரி எழுதியது:

வெப்பமும் ஈரமும் எதிரிதான், ஆனால் எல்லாம் போய்விடாது. பஞ்சாபில் அஜ்னாலா என்ற ஊரில் ஒரு பழைய கிணற்றிலிருந்து 2014-இல் ஏராளமான எலும்புகளை எடுத்தார்கள். 1857 கிளர்ச்சியில் கொல்லப்பட்ட சிப்பாய்களுடையவை என்று சொல்லப்பட்டது. ஹைதராபாத் சிசிஎம்பி (செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையம்) உட்பட பல நிறுவனங்கள் சேர்ந்து பற்களிலிருந்து தாய்வழி டிஎன்ஏவையும், எந்த வட்டாரத்து நீரும் உணவும் உண்டு வளர்ந்தவர் என்று காட்டும் ஐசோடோப்பையும் பார்த்தன. அவர்கள் பஞ்சாபிகள் அல்ல, கங்கைச் சமவெளிக்காரர்கள் என்று 2022-இல் முடிவு வெளியானது. 150 ஆண்டுக்கு மேல் கிணற்றில் கிடந்த பல் அது. ஆனால் தாய்வழி டிஎன்ஏ ஒரு வட்டாரத்தைச் சொல்லும், ஓர் ஆளைச் சொல்லாது. அந்தச் சிப்பாய்களில் ஒருவருக்கும் அதனால் பெயர் கிடைக்கவில்லை. பல், தொடை எலும்பு, காதுக்கு உள்ளே இருக்கும் கெட்டியான எலும்பு, இவைதான் நல்ல இடங்கள்.

முடி விஷயம் மாறிவிட்டது, வேர் இல்லாமலும் இப்போது முடிகிறது. அடிலெய்டில் சோமர்டன் கடற்கரையில் 1948 டிசம்பர் 1 அன்று கிடைத்த மனிதரின் வழக்கைப் பாருங்கள். அவர் முகத்தையும் மார்பையும் அப்போதே பிளாஸ்டரில் வார்ப்பு எடுத்து வைத்திருந்தார்கள். அதில் சில முடிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அடிலெய்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டெரெக் அபட் அந்த முடியைக் கொண்டு, குடும்ப மரம் போடும் நிபுணர் கொலீன் ஃபிட்ஸ்பாட்ரிக்கோடு சேர்ந்து சுமார் 4,000 பேர் கொண்ட குடும்ப மரம் போட்டு, 2022 ஜூலையில் ஒரு பெயரைச் சொன்னார்: கார்ல் வெப், 1905-இல் மெல்பர்னில் பிறந்தவர், மின்கருவிப் பொறியாளர். அதற்கு முந்தைய ஆண்டே போலீஸ் கல்லறையைத் தோண்டித் தனியாக ஆய்வைத் தொடங்கியிருந்தது. அபட் பெயரை அறிவித்த அன்று போலீஸ் அதை உறுதிசெய்யவில்லை. மேலே சொன்னேனே, துப்பு வேறு, உறுதி வேறு.

வேர்தேடி எழுதியது:

எங்கள் குடும்ப மரத்தைப் பல ஆண்டாகத் தொகுத்து வருகிறவன் என்ற முறையில் இரண்டு தடைகளைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு பத்துத் தலைமுறை ஏறலாம். நமக்கு இருப்பது தலைப்பெழுத்து, அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ராமசாமி மகன் முத்துசாமி, முத்துசாமி மகன் ராமசாமி என்று ஒரே வீட்டில் போய்க்கொண்டே இருக்கும். பத்திரத்தில் எந்த ராமசாமி என்று கண்டுபிடிக்கவே ஒரு மாதம் ஆகும். பெண்கள் பெயர் பல ஆவணங்களில் வராது, வந்தால் ‘இன்னார் மனைவி’ என்று வரும். தாய்வழிச் சொந்தம் கிடைத்தாலும் மேலே ஏற ஏணி இல்லை.

இரண்டாவது தடை இன்னும் பெரியது. அத்தை மகன், மாமன் மகள், சில குடும்பங்களில் அக்காள் மகளையே கட்டுவது. எங்கள் மரத்தில் ஒரே ஆள் மூன்று வழியில் எனக்குச் சொந்தம். சுந்தரி அக்கா கொடுத்த சென்டிமார்கன் கணக்கு இங்கே நிற்குமா?

அன்புச்செல்வி எழுதியது:

சொந்தத்துக்குள் கட்டினால் ஒட்டுகிற துண்டு கூடுதலாகத்தானே இருக்கும்? கண்டுபிடிப்பது இன்னும் சுலபம் இல்லையா?

லேப்சுந்தரி எழுதியது:

சுலபம் இல்லை அம்மா. ஒருவரோடு மட்டும் கூடினால் நல்லதுதான். அந்த வட்டத்தில் இருக்கிற எல்லோரோடும் கூடிவிடுகிறதே! எட்டாம் தலைமுறைச் சொந்தக்காரர் நாலாம் தலைமுறை மாதிரித் தெரிவார். பட்டியலில் நூறு பேர் வருவார்கள், நூறு பேரும் ஒரே தூரத்தில் நிற்பார்கள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாது. தங்களுக்குள்ளேயே மணந்துகொண்டு வந்த ஐரோப்பிய வழி அஷ்கெனாசி யூதர்களின் மரம் போடுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும்.

நம் நிலைமை அவர்களைவிடக் கடினம். சிசிஎம்பியின் தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் ஆகியோரின் குழு 2017-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. தெற்காசியாவில் 260-க்கும் மேற்பட்ட குழுக்களிலிருந்து 2,800-க்கும் மேற்பட்டோரைப் பார்த்தார்கள். அதில் 81 குழுக்களில், ஒரு சிறு கூட்டத்திலிருந்து பெருகித் தங்களுக்குள்ளேயே மணந்துகொண்டதன் தடம் அஷ்கெனாசிகளைவிட ஆழமாக இருந்தது. பரம்பரை நோய்களுக்காகச் செய்த ஆய்வு அது. நாம் பேசுகிற விஷயத்துக்கும் அப்படியே பொருந்தும். எஸ்என்பி பட்டியலை வைத்து ‘இன்ன சாதி, இன்ன வட்டாரம்’ வரை போகலாம். வீட்டு வாசலுக்குப் போவது கடினம்.

அப்புறம், தளத்தில் நம் ஆட்களே குறைவு. 2018-இல் சயன்ஸ் இதழில் யானிவ் எர்லிக் குழு, 12 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவை வைத்துப் போட்ட கணக்கில், ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களைத் தேடினால் நூற்றுக்கு 60 தடவை மூன்றாம் தலைமுறைச் சொந்தமோ (மேலே 70 சொச்சம் என்றேனே, அவர்கள்) அதைவிட நெருக்கமோ கிடைக்கும் என்று வந்தது. அங்கே மக்கள் ஆசைக்கு டிஎன்ஏ பரிசோதனைக் கிட் வாங்கி எச்சில் துப்பி அனுப்பிச் சேர்ந்த கூட்டம் அது. நமக்கு அந்தக் கூட்டம் இல்லை.

மெய்ப்பொருள் எழுதியது:

இல்லாமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன், கோபிக்க வேண்டாம். நான் என் டிஎன்ஏவை ஏற்றினால் என் தம்பி, சித்தப்பா பிள்ளைகள், இன்னும் பிறக்காதவர்கள் எல்லோரையும் சேர்த்துத்தான் ஏற்றுகிறேன். அவர்களை யார் கேட்டது? 2018-இல் கலிஃபோர்னியாத் தொடர் கொலையாளியை ஜெட்மேட்ச் வழியாகப் பிடித்தபோது, அதில் தரவு கொடுத்திருந்த பலருக்குப் போலீஸ் அங்கே தேடுவதே தெரியாது. எதிர்ப்பு வந்த பிறகு 2019 மே மாதம், ஒப்புதல் தருகிறவர்களை மட்டும் போலீஸுக்குக் காட்டுவோம் என்று மாற்றினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் தளமே கைமாறியது, 2023-இல் மறுபடி கைமாறியது. எச்சில் வாங்கி டிஎன்ஏ பார்த்துச் சொல்லும் 23அண்ட்மீ நிறுவனம் 2023-இல் தரவுத் திருட்டுக்கு ஆளாகி 69 லட்சம் பேரின் விவரம் வெளியே போனது, 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. வங்கி அட்டையைத் தொலைத்தால் எண்ணை மாற்றலாம். இதை என்ன செய்வது?

நம் ஊரில் ‘இன்ன சாதி’ என்று ஒரு எலும்பு சொல்லும் என்றால், உயிரோடு இருக்கிறவனின் எச்சிலும் சொல்லும். அந்தப் பட்டியல் யார் கையில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. எல்லா உடலும் பெயரைக் கேட்கிறது என்று நாம் முடிவு செய்துவிட முடியாது. வாஷிங்டன் மாநிலத்தில் 2001-இல் ஒரு விடுதி அறையில் பொய்ப் பெயரில் தங்கி உயிரை மாய்த்துக்கொண்ட இளைஞரை 2018-இல் இதே முறையில் கண்டுபிடித்தார்கள். எங்கோ உயிரோடு இருக்கிறார், நம்மோடு பேச விரும்பவில்லை என்றே குடும்பம் நினைத்திருந்ததாம். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், இன்றுவரை அது வெளியாகவில்லை.

கரிசல்காட்டான் எழுதியது:

கோபம் எதற்கு? பட்டியல் யார் கையில் என்ற கேள்வி நியாயமானது, எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் அந்த இளைஞர் விஷயத்தில் நான் வேறு மாதிரி பார்க்கிறேன். ஊருக்குப் பெயர் தெரியவில்லை, வீட்டுக்குத் தெரிந்தது. அதுதானே வேண்டியது?

ஒஹையோவில் 1981-இல் மான்தோல் சட்டையோடு சாலையோரம் கிடைத்த பெண்ணை அடையாளம் தெரியாத உடல்களுக்குப் பெயர் தேடும் டிஎன்ஏ டோ ப்ராஜெக்ட் தன்னார்வலர்கள் 2018-இல் கண்டுபிடித்தார்கள். 21 வயதுப் பெண். மகள் கூப்பிடுவாள் என்று அவள் அம்மா 37 ஆண்டாகத் தொலைபேசி எண்ணை மாற்றாமல் இருந்ததாகச் செய்தி வந்தது. அந்த அம்மாவிடம் போய் உறவினர்களின் அந்தரங்கம் என்று என்னால் பேச முடியாது.

நாவற்குழியான் எழுதியது:

வாசித்துக்கொண்டு மட்டும் இருக்கலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. இலங்கை யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரிலிருந்து செம்மணி கூப்பிடு தூரம்.

1998-இல், ஒரு பள்ளி மாணவியின் கொலை வழக்கில் தண்டனை பெற்ற இராணுவத்தினன் ஒருவன், செம்மணியில் 300 முதல் 400 பேர் வரை புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று நீதிமன்றத்தில் சொன்னான். அடுத்த ஆண்டு தோண்டியபோது 15 உடல்கள் வந்தன. பிறகு கதை நின்றுபோனது. 2025 தொடக்கத்தில் செம்மணிப் பக்கத்து அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு மண் வெட்டியவர்கள் எலும்பைக் கண்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். சின்னப் பிள்ளைகளுடையவையும் உண்டு. நீலப் பள்ளிக்கூடப் பை, பொம்மை, பால்போத்தல். ஆகஸ்டில் அந்தப் பொருள்களைச் சனங்களுக்குக் காட்டினார்கள், யாராவது அடையாளம் சொல்வார்களா என்று. முப்பது வருசத்துக்குப் பிறகு ஒரு சட்டைத்துணியைப் பார்த்து எந்தத் தாய் உறுதியாகச் சொல்ல முடியும்?

மன்னார் சதொச (அரசு விற்பனை நிலையம்) வளவில் 2018-இல் 300-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளை எடுத்துவிட்டு, ஆறு மாதிரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 1404-க்கும் 1635-க்கும் இடைப்பட்டவை என்று முடிவு வந்தது. அந்த முடிவைச் சனங்கள் இன்னும் முழுதாக நம்பவில்லை. காலக்கணிப்பைக் குறை சொல்ல எனக்கு அறிவு போதாது. ஆனால் நம்பிக்கை இல்லாத இடத்தில் எந்த ஆய்வுக்கூட அறிக்கையும் வேலை செய்யாது என்பதைக் கண்ணால் கண்டோம்.

எங்களுக்குக் குடும்ப மரம் தேவையில்லை. பிள்ளையைத் தேடும் தாய்மார் 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கொட்டில் போட்டுத் தெருவில் இருக்கிறார்கள். யாரைத் தேடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருக்கிறார்கள், அதுதான் எங்கள் பிரச்சினை. ஒரு தாய் போனால் ஒப்பிட இருந்த இரத்தமும் போய்விடுகிறது.

லேப்சுந்தரி எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்ன கடைசி வரிதான் இந்த இழையிலேயே முக்கியமான விஷயம். அதற்கு இரண்டு நாடுகள் வழி காட்டியிருக்கின்றன.

அர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி பெற்றோரைக் கடத்திக் கொன்று குழந்தைகளை வேறு வீடுகளுக்குக் கொடுத்தது. பாட்டிமார் திரண்டு அறிவியலாளர்களைத் தேடிப் போனார்கள். அப்பா அம்மா இல்லாமல், பாட்டி தாத்தா இரத்தத்தை வைத்தே பேரனை உறுதிசெய்யும் கணக்கை மரபியலாளர் மேரி கிளேர் கிங் போன்றவர்கள் உருவாக்கினார்கள். 1987-இல் சட்டம் போட்டு தேசிய மரபணு வங்கி வந்தது. நாங்கள் செத்தாலும் எங்கள் இரத்தம் தேடும் என்று அந்தப் பாட்டிமார் மாதிரி கொடுத்து வைத்தார்கள். 130-க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் இதுவரை கிடைத்திருக்கிறார்கள்.

போஸ்னியாவில் ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995-இல் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்று புதைத்தார்கள். பிறகு தடத்தை மறைக்க இயந்திரம் வைத்துத் தோண்டி வேறு குழிகளுக்கு மாற்றினார்கள். ஒரே ஆளின் எலும்புகள் பல குழிகளில் கிடந்தன. காணாமல் போனோருக்கான சர்வதேச ஆணையம் உறவினர்களின் இரத்தத்தை முதலில் சேகரித்தது. பிறகு வரும் ஒவ்வோர் எலும்பையும் அந்த மொத்தக் கூட்டத்தோடும் ஒப்பிட்டது. ஏறக்குறைய 7,000 பேருக்குப் பெயர் கிடைத்தது. எலும்பு கிடைத்த பிறகு உறவினரைத் தேடுவோம் என்று காத்திருந்தால் இது நடந்திருக்காது.

நாவற்குழியான் எழுதியது:

இரத்தம் கொடுக்க எங்கள் தாய்மாருக்குத் தயக்கம் இல்லை. யாரிடம் கொடுப்பது என்பதில்தான் தயக்கம். பிள்ளையைக் கொண்டுபோன அரசின் அலுவலகத்திலேயே மிச்சப் பிள்ளைகளின் இரத்த விவரமும் இருக்கும் என்றால் எப்படிக் கொடுப்பது? மெய்ப்பொருள் தம்பி சொல்வது எங்களுக்குப் புத்தகப் பேச்சில்லை. வெளியாரும் குடும்பங்களும் சேர்ந்து பார்க்கும் ஓர் இடம் வேண்டும்.

தென்றல்_கூடலூர் எழுதியது:

2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவு எங்களுக்கு மலைக்கு அந்தப் பக்கம். முண்டக்கை, சூரல்மலையில் போனவர்களின் உடல் பாகங்கள் சாலியாற்றில் அடித்துக்கொண்டு நிலம்பூர் வரை போய்க் கிடைத்தன. எஸ்டேட் குடும்பங்களில் நம் ஊர்ப் பெயர்களும் இருந்தன. அடையாளம் தெரியாதவற்றிலிருந்து மாதிரி எடுத்துவிட்டுப் புத்துமலையில் புதைத்தார்கள். கல்லில் எண் மட்டும். சாதி மதம் தெரியாது என்பதால் எல்லா மதத்தவரும் நின்று பிரார்த்தனை செய்தார்கள். உறவினர் இரத்தத்தோடு ஒப்பிட்ட முடிவுகள் வர வர எண் இருந்த இடத்தில் பெயர் வந்தது. குடும்பம் முழுக்கப் போன வீடுகளுக்குத்தான் ஒப்பிட ஆள் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது.

எண் போட்டுப் புதைத்தது சரியான வேலை. அன்றைக்கு எல்லாவற்றையும் சேர்த்து எரித்திருந்தால் இன்றைக்கு ஒன்றும் செய்ய முடியாது.

வேர்தேடி எழுதியது:

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காணாமல் போனவர்களுக்கும் அடையாளம் தெரியாத உடல்களுக்கும் தனித்தனிப் பட்டியல் வைக்கும் டிஎன்ஏ மசோதா 2019-இல் மக்களவைக்கு வந்தது. நிலைக்குழு 2021-இல் அறிக்கை கொடுத்தது. 2023 ஜூலையில் அரசு மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. குற்றவாளிகள் பட்டியலையும் காணாமல் போனவர்கள் பட்டியலையும் ஒரே சட்டத்தில் கட்டியதுதான் கோளாறு என்பது என் கருத்து. மகனைத் தேடும் அப்பாவின் மாதிரியை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று தனிச் சட்டம் வந்தால் மெய்ப்பொருளும் கையெழுத்துப் போடுவார் என்று நினைக்கிறேன்.

மெய்ப்பொருள் எழுதியது:

போடுவேன். தேடல் முடிந்ததும் மாதிரியை அழிக்க வேண்டும், அழித்ததற்குச் சான்று குடும்பத்துக்குத் தர வேண்டும் என்பதையும் சேர்த்தால்.

குருவிக்கூடு எழுதியது:

சட்டம் வருகிறபோது வரட்டும். வீட்டில் ஒருவர் காணாமல் போயிருக்கிறார், பெற்றோருக்கு வயதாகிவிட்டது என்றால் இப்போதே என்ன செய்து வைக்கலாம்?

லேப்சுந்தரி எழுதியது:

ஒப்பிட மிக நல்லது அப்பா, அம்மா, பிள்ளைகள். அண்ணன் தம்பி அக்கா தங்கை என்றால் ஒருவர் போதாது, எத்தனை பேர் கிடைக்கிறார்களோ அத்தனை பேரும் வேண்டும். மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து கொடுத்தால், பிள்ளைகளிடமிருந்து மனைவியின் பங்கைக் கழித்துக் காணாமல் போனவருடையதை ஓரளவு மீட்கலாம். அம்மா வழியில் அம்மாவின் அக்கா தங்கை, அவர்கள் பிள்ளைகள் உதவுவார்கள். சித்தப்பா பெரியப்பா வழியில் ஆண்வழிக் குரோமோசோம் கிடைக்கும்.

பெற்றோர் இறந்துவிட்டாலும் கதவு மூடியதாக நினைக்க வேண்டாம். புற்றுநோய்க்கோ வேறு எதற்கோ சதை எடுத்துப் பரிசோதித்திருந்தால், அந்தச் சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியை மருத்துவமனை வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். அதில் டிஎன்ஏ இருக்கும்.

காணாமல் போனவருடைய பொருள் இருந்தால் இன்னும் நல்லது. பல் துலக்கும் பிரஷ், சவரக் கத்தி, துவைக்காத உள்ளாடை. பால் பல்லைக் கூரைமேல் எறிந்துவிடுகிறோம், அது கிடைக்காது. ஆனால் நம் வீடுகளில் ஒன்று செய்வோம்: உலர்ந்து விழுந்த தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்துக்குள் அடைத்துப் பிள்ளை இடுப்பில் கட்டுவோம், பிறகு பீரோவில் போட்டு வைப்போம். அது அந்தப் பிள்ளையின் சொந்தச் சதை. ஈரம் படாமல் இருந்திருந்தால் ஆய்வுக்கூடத்தில் முயன்று பார்க்கலாம். தயவுசெய்து திறந்து பார்க்காதீர்கள், கழுவாதீர்கள், பாலித்தீன் பையில் போடாதீர்கள். ஈரம் கோத்துப் பூஞ்சை பிடித்துவிடும். காகித உறையில் போட்டு, யாருடையது, எப்போது பிறந்தவர், உறையில் போட்டது யார், எந்தத் தேதி என்று மேலே எழுதி, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

காணாமல் போனதற்குப் போலீஸில் கொடுத்த புகாரின் நகல், உயரம், பழைய எலும்பு முறிவு, பல் அடைத்தது, அறுவை சிகிச்சை நடந்த இடம், எக்ஸ்ரே இருந்தால் அது, எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். பல் எக்ஸ்ரே ஒன்று பொருந்தினால் டிஎன்ஏவுக்கு முன்பே விடை கிடைத்துவிடும்.

நாவற்குழியான் எழுதியது:

இதை அச்செடுத்துக் கொட்டிலில் இருக்கும் அம்மாமாருக்குக் கொடுக்கிறேன். தாயத்து விஷயத்தை ஊரில் ஒருத்தரும் யோசித்திருக்க மாட்டார்கள்.